பேக்கிங் உட்கார வேண்டும்

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றதும் ஏசி துவாரம் வழியே மெல்லிய கருகல் வாசனை வரும். அடுப்பில் மறந்துபோன வாணலியில் எண்ணெய் புகைவதுபோல இருக்கும். பச்சை விளக்கு விழுந்து வண்டி நகர்ந்ததும் காணாமல் போய்விடும். பானெட்டைத் திறந்தால் எஞ்சினின் பக்கவாட்டில் கறுத்த ஈரம், அதன்மேல் மாவு அப்பியதுபோல் தூசி. மெக்கானிக் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டாப்பெட் கவர் பேக்கிங் போயிருக்கு" என்பார்.

பழைய வண்டிகளில் மிகச் சாதாரணமாக வரும் கோளாறு இது. கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சரிசெய்துவிடலாம். ஆனால் அப்படிச் சரிசெய்த பலர் சில மாதங்களில் அதே இடத்தில் அதே ஈரத்தை மறுபடியும் பார்க்கிறார்கள். பேக்கிங் எந்த வகையில் கசிவை அடைக்கிறது என்று தெரியாமல் அதை மாட்டுவதால் வரும் வினை அது. அந்தச் சூட்சுமத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பானரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது அதிலிருந்தே விளங்கிவிடும்.

டாப்பெட் கவர் என்பது எஞ்சினின் உச்சியில் இருக்கும் மூடி, அதன் விளிம்புக்கு அடியில் உட்காரும் அடைப்புதான் பேக்கிங். இன்றைய பெரும்பாலான எஞ்சின்களில் அந்த மூடிக்குள்தான் கேம் ஷாஃப்ட்டும் ராக்கர்களும் வால்வு ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது கேம் ஷாஃப்ட் அதில் பாதி, 1,500 சுற்றுச் சுற்றும். அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இந்த ஓயாத உரசலுக்கு ஆயில் இல்லாமல் தீராது. கீழே சம்ப் என்ற தொட்டியில் இருக்கும் ஆயிலைப் பம்ப் மேலே ஏற்றுகிறது. அது கேம் ஷாஃப்ட்டை நனைத்து, நாலாபக்கமும் தெறித்து, மூடிக்கு அடியிலுள்ள சிலிண்டர் ஹெட்டின் துளைகள் வழியே தானாகக் கீழே வடிந்துவிடுகிறது. மூடியின் சுவரைத் தொடும் நேரத்தில் அந்த ஆயிலுக்குப் பம்பின் அழுத்தம் இருப்பதில்லை. கூரையில் மழை அடிப்பதுபோல் அடித்துவிட்டு வழிகிறது, அவ்வளவுதான். அழுத்தமே இல்லாத ஆயில் எப்படி வெளியே வருகிறது?

பதிலுக்கு முன், வீட்டுக் குக்கரை நினைத்துப் பாருங்கள். அதிலும் ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கிறது. உள்ளே நீராவியின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோ. ஆனால் உள்மூடி வைத்த குக்கரில் அந்த நீராவியே மூடியை மேலே தள்ளி விளிம்போடு அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் ஏற ஏற அடைப்பும் இறுகும். டாப்பெட் கவருக்கு அப்படி உதவ உள்ளிருந்து யாரும் இல்லை. போல்ட் கொடுத்த அழுத்தத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் இரு உலோகங்களையும் திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியது பேக்கிங்கின் வேலை.

உலோகப் பரப்பு எவ்வளவு வழவழப்பாகக் கடைந்திருந்தாலும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகத்தான் தெரியும். இரண்டு உலோகங்களை நேருக்குநேர் வைத்து அழுத்தினால் மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வாய்க்கால் ஆகிவிடும். 100 டிகிரி சூட்டில் தண்ணீர்போல இளகிய ஆயிலுக்கு அந்த வாய்க்கால் தாராளம். துணித்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தானாக ஊர்ந்து வந்துவிடும். மிருதுவான பேக்கிங் இந்தப் பள்ளங்களுக்குள் புகுந்து நிரப்புகிறது. ஒருமுறை நிரப்பினால் போதாது. எஞ்சின் சூடாகி விரியும், ஆறிச் சுருங்கும், ஓயாமல் அதிரும். ஒவ்வொரு அசைவுக்கும் பேக்கிங் பின்தொடர்ந்து வர வேண்டும். 40 செ.மீ. நீளமுள்ள அலுமினிய ஹெட் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 0.64 மி.மீ. நீள்கிறது. அதன்மேல் எஃகுத் தகட்டு மூடி இருந்தால் அது அதில் பாதி அளவே நீளும். நடுவில் மாட்டிய பேக்கிங் தினமும் இருபக்கமும் இழுபடுகிறது. ஆக, பேக்கிங் என்பது அடைப்பான் மட்டுமல்ல, அமுக்கி வைத்த ஸ்பிரிங்கும்கூட. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

அம்பாசிடர் காரில் வேலை பார்த்தவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். அதன் 1489 சிசி எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்தது. டாப்பெட் கவர் ஓர் எஃகுத் தகட்டுப் பெட்டி. உச்சியில் இரண்டே நட்டு, நட்டுக்குக் கீழே ரப்பர் புஷ், விளிம்பின் அடியில் கார்க் பேக்கிங். கார்க் என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. போர்ச்சுகலில் அதிகம் விளைகிறது. ஒருமுறை உரித்த மரத்தை மறுபடி உரிக்க ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1665இல் ராபர்ட் ஹூக் தன் நுண்ணோக்கியில் பார்த்து "செல்" என்று பெயரிட்டது இந்தப் பட்டையின் அறைகளைத்தான். ஒரு கன செ.மீ. கார்க்கில் அப்படிப்பட்ட அறைகள் சுமார் 4 கோடி, ஒவ்வொன்றிலும் காற்று. அமுக்கினால் அறைச் சுவர்கள் விசிறிமடிப்புபோல மடிந்துகொள்ளும். அதனால் கார்க் பக்கவாட்டில் பிதுங்குவது மிகக் குறைவு. பாட்டில் வாயில் கார்க் மூடியைத் திணிக்க முடிவதும் ரப்பர் மூடியைத் திணிக்கத் திணறுவதும் இதனால்தான்.

ரப்பர் இதற்கு நேர்மாறு. அதன் உருவத்தை மாற்றலாம், பருமனைக் குறைக்க முடியாது. அந்த விஷயத்தில் ரப்பர் ஏறக்குறைய தண்ணீரைப் போன்றது. மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கியே தீரும். இன்றைய எஞ்சின்களில் மூடியின் விளிம்பில் பள்ளம் வெட்டி, அதற்குள் வார்ப்பு ரப்பர் பேக்கிங்கை வைக்கிறார்கள். அந்தப் பள்ளம் பேக்கிங்கைவிடச் சற்று அகலமாக இருக்கும். பிதுங்கும் ரப்பருக்கு விட்டுவைத்த இடம் அது. பல வண்டிகளில் போல்ட்டிலேயே ஒரு தோள் இருக்கும். ரப்பர் தேவையான அளவு அமுங்கியதும் தோள் உலோகத்தில் முட்டி நின்றுவிடும். அதற்குமேல் நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் ரப்பருக்கு ஒரு மயிரிழைகூடக் கூடுதல் அழுத்தம் போகாது. போல்ட்தான் நீளும், பிறகு முறியும்.

கசிந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கு என்பது கைக்கு இயல்பாக வரும் புத்தி. டாப்பெட் கவரில் அது கெடுதலே செய்யும். தகட்டு மூடியை இறுக்கினால் நட்டு இருக்கும் இடம் அமுங்கி, தள்ளியிருக்கும் விளிம்பு தூக்கிக்கொள்ளும். கார்க் நசுங்கி வெளியே வழியும். பிளாஸ்டிக் மூடியாக இருந்தால் விரிசல் விடும். அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். என் காரில் ஒருமுறை இப்படித்தான் ஆனது. பணிமனையில் கசிவை நிறுத்துவதற்காக இறுக்கிக்கொண்டே போனதில் ஹெட்டின் ஒரு மூலையில் மரை கையோடு வந்துவிட்டது. சில நூறு ரூபாய் பேக்கிங்கோடு முடிய வேண்டிய வேலை, துளையைப் பெரிதாக்கி உள்ளே சுருள்கம்பி மரை பதிக்கும் வேலையாக நீண்டது.

பட்டறைகளில் ஒரு சொல் உண்டு: "பேக்கிங் உட்காரணும்." மிகத் துல்லியமான சொல். நசுங்குவது வேறு, உட்காருவது வேறு. உட்கார்ந்தது மறுபடி எழுந்திருக்கும், நசுங்கியது எழாது.

அப்படியானால் ஒழுங்காக உட்கார்ந்திருந்த பேக்கிங் ஏன் பத்து ஆண்டில் சாகிறது? சூடுதான் காரணம். ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கி, அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே முடிச்சுகள் போடும் வழியைக் கண்டார். இழுத்தாலும் அமுக்கினாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் நினைவை ரப்பருக்குத் தருபவை அந்த முடிச்சுகள். எஞ்சினின் சூட்டில், ஆக்சிஜன் பட்டு, சில முடிச்சுகள் அவிழ்கின்றன. புதிய முடிச்சுகள் விழுகின்றன. ஆனால் புதியவை விழும்போது ரப்பர் அமுங்கிய நிலையில் இருக்கிறது. எனவே அமுங்கிய வடிவத்தையே அது தன் சொந்த வடிவம் என்று பதித்துக்கொள்கிறது. திருப்பித் தள்ளும் விசை கொஞ்சம் கொஞ்சமாக மறைகிறது. கழற்றிய பழைய பேக்கிங்கைக் கையில் எடுத்தால் தெரியும். தட்டையாக, பிளாஸ்டிக் வளையல்போல விறைத்து, வளைத்தால் 'டக்' என்று ஒடியும். இத்தகைய வேதிவினைகளின் வேகம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து அடிக்கடி சூடேறிய வண்டியில் பேக்கிங் முன்னதாகவே போய்விடுவதில் வியப்பில்லை.

எந்த ரப்பர் என்பதும் முக்கியம். அவசரத்துக்குச் சைக்கிள் டியூபை வெட்டிப் பேக்கிங் செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. எஞ்சினுக்கு ஒத்துவராது. டியூப் ரப்பரும் ஆயிலும் ஒரே குலம், இரண்டுமே ஹைட்ரோகார்பன். ஆயில் அந்த ரப்பருக்குள் புகுந்து அதை ஊறிய கடலைபோல் உப்ப வைத்துவிடும். நைட்ரைல் ரப்பரின் சங்கிலியில் ஆயிலோடு ஒட்டாத நைட்ரைல் தொகுதிகள் இருப்பதால் அது ஊறாமல் தாங்குகிறது, விலையும் குறைவு. ஆனால் 100 டிகிரிக்கு மேல் நாள்பட இருந்தால் விறைத்துவிடும். அக்ரிலிக் ரப்பர் ஏறக்குறைய 150 டிகிரி வரையும், சிலிகான் அதற்கு மேலும் தாங்கும். கடையில் ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று விலையில் பேக்கிங் இருப்பதற்கு இந்த வேறுபாடு ஒரு காரணம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்பேன்.

கசிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது பலர் கண்ணில் படுவதில்லை. பிஸ்டன் ரிங் எவ்வளவு சரியாக இருந்தாலும், எரிந்ததும் எரியாததுமான வாயு கொஞ்சம் அதன் ஓரமாகக் கீழே நழுவிச் சம்ப்பில் சேரும். அதை வெளியேற்றாவிட்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும். முன்பெல்லாம் ஒரு குழாய் வைத்துச் சாலையிலேயே விட்டுவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் புகைமூட்டத்துக்கு இதிலும் பங்கு உண்டு என்று தெரிந்தபின், 1961இல் கலிஃபோர்னியா மாநிலம் அந்த வாயுவை எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரிக்க வேண்டும் என்று விதித்தது. அந்த வேலையைச் செய்யும் சிறு வால்வுக்குப் பி.சி.வி. வால்வு என்று பெயர். பெரும்பாலும் டாப்பெட் கவரிலேயே இருக்கும். அதுவோ, வாயு வெளியேறும் பிரீதர் குழாயோ கரிப்பிசின் படிந்து அடைத்துக்கொண்டால், உள்ளே ஏறும் அழுத்தம் இருப்பதிலேயே பலவீனமான இடத்தில் ஆயிலைத் தள்ளும். பெரும்பாலும் அது டாப்பெட் கவர் பேக்கிங்தான். புதிய பேக்கிங் போட்டும் கசிவு நிற்காத வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பெட்ரோல் வண்டியில் சோதிப்பது எளிது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் கேப்பைத் திறந்து, வாயின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். தாள் லேசாக உள்ளே இழுபட்டால் நல்லது. உப்பித் தூக்கினால் பிரீதர் பக்கம் கோளாறு, அல்லது பிஸ்டன் ரிங் தேய்மானம். டீசல் எஞ்சினில் கொஞ்சம் வாயு ஊதுவது இயல்பு. இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

கொஞ்சம் கசிந்தால் என்ன, ஆயில் ஊற்றிக்கொண்டால் போகிறது என்று விடுபவர்களுக்கு ஒரு செய்தி. பல எஞ்சின்களில் இந்த மூடிக்கு நேர் கீழே, எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது. சுமை இழுக்கும்போது அதன் சூடு பல நூறு டிகிரி. சிக்னலில் வரும் கருகல் வாசனை அதன்மேல் விழுந்து புகையும் ஆயில்தான். ஓடும்போது காற்று அடித்துப் போய்விடுவதால் தெரிவதில்லை. 2015 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 3.8 லிட்டர் வி6 எஞ்சின் கொண்ட சுமார் 14 லட்சம் பழைய கார்களைத் திரும்ப அழைத்தது. கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது டாப்பெட் கவர் பேக்கிங் வழியே சொட்டும் ஆயில் மேனிஃபோல்டில் விழுந்து தீப்பிடிக்கக்கூடும் என்பது காரணம். முந்தைய அழைப்புகளில் ஏற்கெனவே பழுது பார்த்த கார்களிலேயே 1,345 தீப்பிடித்திருந்தன. சூட்டாலும் வயதாலும் மூடியும் பேக்கிங்கும் தளர்ந்துபோனதே அதற்கு வழி செய்தது. இது பயமுறுத்தச் சொல்வதல்ல, தள்ளிப்போடாமல் இருக்கச் சொல்வது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் கசிவு அங்கேதான் என்று உறுதிசெய்யுங்கள். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும் காற்றில் பின்னோக்கியும் பரவும். சம்ப்பிலோ கியர்பாக்ஸ் அருகிலோ சொட்டுவதைப் பார்த்து அங்கே பழுது என்று நினைப்பார்கள். ஊற்று மேலே இருக்கும். எஞ்சினைத் துடைத்து, விளிம்பைச் சுற்றி முகப்பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவந்து பார்த்தால் ஈரத்தின் தடம் தெளிவாகத் தெரியும்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். மூடியைத் திறப்பதற்கு முன் அதைச் சுற்றியுள்ள தூசியைப் பிரஷ்ஷால் நன்றாகத் தட்டிவிட வேண்டும். நம் ஊர் மணல் கேம் ஷாஃப்ட்டில் விழுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததற்குச் சமம். காயில், வயர், பிரீதர் குழாய் எதைக் கழற்றினாலும் முதலில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக் குழியில் ஆயில் நின்றால் அந்தக் குழியை அடைக்கும் பிளக் வளையங்களும் போய்விட்டன என்று பொருள். அந்த ஆயிலைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றிலும் கால் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் மூடி கோணிக்கொள்ளும். மூடி ஒட்டிக்கொண்டு வராவிட்டால் உள்ளங்கையாலோ ரப்பர் சுத்தியலாலோ பக்கவாட்டில் தட்டினால் போதும். ஸ்க்ரூ டிரைவரை நடுவில் விட்டு நெம்பவே கூடாது. அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் ஆயிலுக்கு நிரந்தர வாய்க்கால்.

இந்த வேலையில் பாதிக்கு மேல் சுத்தம் செய்வதுதான். உள்துளைகளைத் துணியால் மூடிவிட்டு, ஹெட்டின் விளிம்பில் ஒட்டிய பழைய சிலிகானையும் பிசினையும் காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டி எடுங்கள். பிறகு பிரேக் கிளீனர் நனைத்த நூல் உதிராத துணியால் துடைத்து உலர விடுங்கள். மூடியின் பள்ளத்துக்குள்ளும் அதே சுத்தம் வேண்டும். கைக்குக் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. ஓடிய ஆயில் தோலுக்கு ஆகாது.

சிலிகான் பேஸ்ட் விஷயத்தில் கை தாராளமாகப் போவதை நான் எதிர்க்கிறேன். வார்ப்பு ரப்பர் பேக்கிங் உலர்ந்த பரப்பில் உட்கார வேண்டியது. முழுச் சுற்றுக்கும் பேஸ்ட் தடவினால் அது காயும் முன் வழுக்கி, பேக்கிங்கைப் பள்ளத்திலிருந்து நழுவ விடும். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் உதிர்ந்து சம்ப்பின் வடிகட்டியை அடைக்கவும் கூடும். டைமிங் கவர் ஹெட்டோடு சேரும் மூலைகளிலும் கேம் ஷாஃப்ட்டின் முனையில் வரும் அரைவட்ட வளைவுகளிலும் மட்டும், கையேடு சொல்லும் இடத்தில், ஒரு பயறளவு வைத்தால் போதும். அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். முழுதாக இறுக ஒரு நாள் ஆகும்.

பேக்கிங்கைப் பள்ளத்தில் முறுக்கு விழாமல் பதித்து, பிளக் வளையங்களையும் போல்ட்டுகளின் ரப்பர் வாஷர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். வாஷர் விறைத்திருந்தால் போல்ட்டின் அழுத்தம் மூடிக்குச் சரியாகப் போகாது. மூடியை நேராக இறக்கி, எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் 6 மி.மீ. போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான் அளவு. 15 செ.மீ. ஸ்பானரின் முனையில் 7 கிலோ எடை தொங்குவதற்கும் சற்றுக் குறைவு அது. நாம் முறுக்கும் முறுக்கில் ஏறக்குறைய 90 சதவீதம் மரையிலும் போல்ட் தலைக்கடியிலும் உராய்வாகவே போய்விடுகிறது. மிச்சமுள்ள பத்தே சதவீதத்தில் ஒரு போல்ட் ஏறக்குறைய 800 கிலோ எடைக்குச் சமமான பிடிப்பைத் தருகிறது. மரையில் ஆயில் பட்டிருந்தால் உராய்வு குறைந்து, அதே முறுக்கில் பிடிப்பு இன்னும் கூடிவிடும். அதனால் மரையைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு ஒன்றை இரவல் வாங்கியாவது பயன்படுத்துவது நல்லது, கையளவு ஏமாற்றிவிடும்.

மேனிஃபோல்டில் வழிந்திருக்கும் பழைய ஆயிலையும் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சில நாள் புகை வந்து உங்களைக் குழப்பும். பேஸ்ட் இறுகியதும் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, டார்ச் அடித்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். அன்று இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டுவைத்து, காலையில் பாருங்கள். அதில் சொட்டுத் தெரிந்தால் ஸ்பானரை எடுக்காதீர்கள். முதலில் பிரீதர் குழாயைக் கழற்றிப் பாருங்கள்.